வேகமாகப் போகும் குண்டு ஏன் அதிகம் விலகுகிறது?

அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் .22 லாங் ரைபிள் என்ற சின்னத் தோட்டா பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும். 1887 முதல் புழக்கத்தில் இருக்கும் தோட்டா இது. இதில் இரண்டு வகை உண்டு. இரண்டிலும் 2.6 கிராம் எடையுள்ள அதே ஈயக் குண்டு, வடிவமும் ஒன்றே. ஒரு வகை குழலை விட்டு வெளியேறும்போது நொடிக்குச் சுமார் 326 மீட்டர் வேகத்தில் போகும். ‘அதிவேகம்’ என்று பெட்டியில் அச்சிட்ட மற்ற வகை நொடிக்குச் சுமார் 383 மீட்டர். இடப்பக்கமிருந்து மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது. 100 கஜம், அதாவது 91 மீட்டர் தள்ளி இலக்கு நிற்கிறது. எந்தக் குண்டு காற்றில் அதிகம் விலகும்?

மெதுவாகப் போவதுதான் என்று தோன்றும். அதுதான் காற்றில் அதிக நேரம் இருக்கிறது, காற்றுக்குத் தள்ள அதிக வாய்ப்பு. ஆனால் இலக்குத் தாளில் பார்த்தால் நேர்மாறாக இருக்கிறது. மெதுவான குண்டு சுமார் 9 சென்டிமீட்டர் விலகுகிறது. சீக்கிரம் போய்ச் சேர்ந்த அதிவேகக் குண்டு 13 சென்டிமீட்டர் விலகுகிறது. பந்தயச் சுடுநர்கள் மெதுவான வகையையே தேடி வாங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்தப் புதிரை அவிழ்த்தால், கொயோட்டி வேட்டைக்கு எந்த ரைபிளை எடுப்பது என்று அமெரிக்க மேற்குப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் வாதத்தின் நடுமுடிச்சும் அவிழும்.

கொயோட்டி ஓநாயின் நெருங்கிய உறவு. நம் ஊர்க் குள்ளநரியைவிடச் சற்றுப் பெரியது. அலாஸ்காவிலிருந்து பனாமா வரை பரவியிருக்கிறது. மேற்கு மாநிலங்களில் வளர்ந்த விலங்கு 9 முதல் 16 கிலோ இருக்கும். ஆட்டுக்குட்டிகளைப் பறிகொடுக்கும் மேய்ச்சல்காரர்கள் ஆண்டு முழுவதும் அதைச் சுடுகிறார்கள். ரோமம் அடர்ந்திருக்கும் குளிர்காலத்தில் தோலுக்காகவும் சுடுகிறார்கள். வயோமிங் போன்ற இடத்தில் வேட்டைக்காரர் சேஜ்பிரஷ் புதர் ஓரம் உட்கார்ந்து, அடிபட்ட முயலின் அலறலைப் போல ஓசையெழுப்பும் ஊதலை ஊதுவார். கொயோட்டி வரும், ஆனால் நேராக வராது. காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாகச் சுற்றி வந்து மோப்பம் பிடிக்கப் பார்க்கும். அதனால் அனுபவமுள்ளவர்கள் காற்றுக்குக் குறுக்காகவே உட்காருவார்கள், அப்போதுதான் விலங்கு தங்கள் வாசனையைப் பிடிப்பதற்குள் கண்ணில் படும். பெரும்பாலான சுடுதல்கள் பக்கக் காற்றில் நடக்கக் காரணம் விலங்கின் இந்தப் பழக்கமே.

இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி கொயோட்டிக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் அகலம்தான். நடுவை விட்டு 7 சென்டிமீட்டருக்கு மேல் எந்தப் பக்கம் தவறினாலும் விலங்கு காயத்தோடு ஓடிவிடும். பனியில் எங்கோ போய் மெல்லச் சாகும். வேட்டை வேண்டுமா வேண்டாமா என்பதில் மனிதர்கள் வேறுபடலாம். சுடுவதென்று முடிவெடுத்தவருக்கு அந்த 7 சென்டிமீட்டர் மேல் பொறுப்பு உண்டு என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ரைபிளின் தேர்வை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

குண்டைத் தடம் மாற்றுபவை இரண்டு: புவியீர்ப்பும் காற்றும். முதலாவதைப் புரிந்துகொள்வது எளிது. கிடைமட்டமாகச் சுட்ட குண்டும், அதே கணத்தில் கையிலிருந்து நழுவிய குண்டும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் விழுகின்றன. நொடியில் பத்தில் ஒரு பங்கில் 5 சென்டிமீட்டர். பத்தில் இரண்டு பங்கில் 20. பத்தில் மூன்று பங்கில் 44. நேரம் இரட்டித்தால் வீழ்ச்சி நான்கு மடங்கு. ஆகவே எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறதோ அவ்வளவு குறைவாக விழும்.

20ஆம் நூற்றாண்டின் கொயோட்டி ரைபிள்கள் வேகத்தை விரட்டியதற்கு இதுதான் காரணம். தூரத்தைக் கண்ணால் மட்டும் மதிப்பிட்ட காலம் அது. 200 கஜம் என்று நினைத்தது 270ஆக இருந்தால் மெதுவான குண்டு விலங்கின் காலடியில் புழுதி கிளப்பும்; வேகமான குண்டின் பாதை தட்டையாக இருப்பதால் பிழை மன்னிக்கப்படும். 1935இல் வின்செஸ்டர் நிறுவனம் .220 ஸ்விஃப்ட் தோட்டாவை வெளியிட்டது. நொடிக்கு 4,000 அடியைத் தாண்டிய முதல் ஆலைத் தோட்டா, ஏறத்தாழ 1,250 மீட்டர் வேகம். தனிப்பட்ட கைவினைஞர்கள் பல காலம் செதுக்கிவந்த .22-250 தோட்டாவை 1965இல் ரெமிங்டன் நிறுவனம் ஏற்று விற்கத் தொடங்கியது. அதற்கு ஓராண்டு முன்பே, எம்-16 துப்பாக்கியின் ராணுவத் தோட்டாவுக்கு உடன்பிறப்பாக .223 ரெமிங்டன் சந்தைக்கு வந்திருந்தது. மூன்றிலும் குண்டின் விட்டம் ஒன்றேதான், 5.7 மில்லிமீட்டர். பின்னால் நிரப்பும் வெடிமருந்தின் அளவில்தான் வேறுபாடு.

வேட்டைக்காரர்கள் குண்டின் எடையை கிரெய்ன் கணக்கில் சொல்வார்கள். ஒரு கிரெய்ன் 0.065 கிராம். 55 கிரெய்ன் குண்டை .223 நொடிக்குச் சுமார் 988 மீட்டரிலும், .22-250 சுமார் 1,120 மீட்டரிலும் அனுப்பும். 300 கஜத்தை, அதாவது 274 மீட்டரை, முன்னது 0.34 நொடியில் கடக்கும், பின்னது 0.30 நொடியில். இந்த வேறுபாட்டுக்காகத்தான் கூடுதல் மருந்து, கூடுதல் சத்தம், சீக்கிரம் தேயும் குழல் எல்லாம்.

இப்போது லேசர் தூரமானி வேட்டைக்காரரின் சட்டைப்பையில் அடங்கிவிட்டது. பொத்தானை அழுத்தினால் தூரம் தெரிகிறது. தூரம் தெரிந்துவிட்டால் குண்டு எவ்வளவு விழும் என்பதும் தெரியும், ஏனென்றால் புவியீர்ப்பு இன்றைக்கும் நாளைக்கும் ஒரே அளவுதான். ரைபிளின் மேலுள்ள தொலைநோக்கியின் திருகை நாலு சொடுக்கு திருப்பினால் கணக்கு தீர்ந்தது. தட்டையான பாதைக்கு இருந்த பெருமதிப்பு இப்படிச் சத்தமில்லாமல் பாதியாகிவிட்டது. பல கடைக்காரர்களும் வேட்டைக்காரர்களும் இன்னும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது என் எண்ணம். காற்றின் கதை வேறு. அதை அளக்கும் கருவி சுடுபவர் நிற்கும் இடத்துக் காற்றை மட்டும் சொல்லும். நடுவில் ஒரு பள்ளத்தில் அது வேறு வேகத்தில் இருக்கலாம், விலங்கின் அருகே வேறு திசையில் இருக்கலாம்.

காற்று குண்டை என்ன செய்கிறது என்பதை முதலில் அளந்து காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணிதர். பீரங்கிக் குண்டு பரவளையப் பாதையில் போகும் என்று கலிலியோ 1638இல் எழுதியிருந்தார். துப்பாக்கியின் அசுர வேகத்தில் இந்தக் கணக்கு சரிவராது என்று அவரே எச்சரித்தும் இருந்தார். ஆனாலும் அடுத்த நூறாண்டில் படைத்துறையினர் பலர் காற்றின் தடை பொருட்படுத்தத் தக்கதல்ல என்றே கருதினார்கள். அதைப் பொய்யாக்க ராபின்ஸுக்கு வேண்டியிருந்தது ஒரு முக்காலி, இரும்புச் சட்டத்தில் தொங்கும் கனத்த மரப்பலகை, ஒரு நாடா. பலகையில் குண்டு பாய்ந்து பதிந்ததும் பலகை பின்னால் ஆடும். அடியில் கட்டியிருக்கும் நாடா ஒரு பிடிப்பின் வழியாக நழுவி, எவ்வளவு தூரம் ஆடியது என்பதைக் காட்டும். பலகையின் எடையும் குண்டின் எடையும் தெரியும். ஆடிய தூரத்திலிருந்து மோதும் கணத்தில் குண்டின் வேகம் கிடைத்துவிடும். பிறகு அவர் பலகையைத் தள்ளித் தள்ளி வைத்துச் சுட்டார். வேகம் எங்கே எவ்வளவு குறைந்தது என்பது வரிசையாக வெளிவந்தது.

1742இல் வந்த அவருடைய நூல் இரண்டு அதிர்ச்சிகளைத் தந்தது. காற்றின் தடை குண்டின் சொந்த எடையைவிடப் பல மடங்கு பெரியது என்பது ஒன்று. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது தடை திடீரென எகிறுகிறது என்பது மற்றொன்று. மூன்றே ஆண்டுகளில் மாபெரும் கணித மேதை ஆய்லர் அதை ஜெர்மனில் பெயர்த்து விளக்கவுரை எழுதினார். ராபின்ஸின் கடைசி நாட்கள் நம் மண்ணில் கழிந்தன. கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்க 1750இல் வந்து சேர்ந்தவர், மறு ஆண்டு ஜூலையில் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். எறியியலின் தந்தை என்று போற்றப்படுபவர் கடலூரில் மறைந்த செய்தி நம் பாடநூல்களில் இடம்பெற வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஒலிவேகத்தருகே தடை ஏன் எகிறுகிறது என்பதற்குக் கண்ணால் காணும் சான்று 1887இல் வெளிவந்தது. இயற்பியலாளர்கள் எர்ன்ஸ்ட் மாக்கும் பீட்டர் சால்ஷரும் பறக்கும் குண்டைப் புகைப்படம் எடுத்து வெளியிட்டார்கள். குண்டின் மூக்குக்கு முன்னால் காற்று நெருக்குண்டு வளைந்த கோடாக நிற்கிறது. அதுதான் அதிர்ச்சி அலை. ஒலியைவிட மெதுவாகப் போகும் குண்டுக்கு முன்னால் இருக்கும் காற்று விலகி வழிவிட நேரம் இருக்கிறது. ஒலியை முந்தும் குண்டு காற்றை அப்படியே நெருக்கிக்கொண்டு போகிறது. அந்த அலையை உண்டாக்கும் ஆற்றல் முழுவதும் குண்டின் வேகத்திலிருந்தே கழிகிறது. இன்று டாப்ளர் ரேடார் குண்டை அது போகும் வழியெல்லாம் பின்தொடர்ந்து இந்த இழப்பை அளக்கிறது. .223இன் 55 கிரெய்ன் குண்டு முதல் நூறு கஜத்தில் இழக்கும் வேகத்தைக் கணக்கிட்டால், அதன் மேல் வேலை செய்யும் தடைவிசை அதன் எடையைப்போலச் சுமார் 120 மடங்கு.

இப்போது பக்கக் காற்றுக்கு வருவோம். நெடுஞ்சாலையில் பைக்கில் போகிறீர்கள், இடப்பக்க வயல்வெளியிலிருந்து காற்று வீசுகிறது. வண்டி நின்றிருந்தால் அது இடது காதில் படும். வேகமெடுத்ததும் காற்று முகத்திலேயே அறைகிறது, இடப்புறமாகக் கொஞ்சம் சாய்ந்து. உங்கள் வேகம் கூடக் கூட அந்தச் சாய்வு குறையும். குண்டுக்கும் அப்படித்தான். நொடிக்கு 988 மீட்டரில் போகும் குண்டுக்கு, நொடிக்கு நாலரை மீட்டர் பக்கக் காற்று என்பது எதிர்க்காற்றில் 220இல் ஒரு பங்கு என்ற மிகச் சிறிய சாய்வு மட்டுமே. சரியாகச் சுழலும் குண்டு தன் மூக்கை அந்தச் சாய்ந்த காற்றுக்கு நேராகத் திருப்பிக்கொள்கிறது. அதன் விலாவில் காற்று மோதித் தள்ளுவதாக நாம் கற்பனை செய்வது நடப்பதே இல்லை. நடப்பது இது: குண்டைப் பின்னுக்கு இழுக்கும் பெருந்தடை, நேர் பின்னால் இழுக்காமல் மயிரிழை அளவு வலப்புறம் சாய்த்து இழுக்கிறது. அந்த மயிரிழை போதும், ஏனென்றால் தடை எடையைப்போல 120 மடங்கு. அதில் 220இல் ஒரு பங்கு பக்கவாட்டில் திரும்பினாலே புவியீர்ப்பில் பாதிக்கு மேல் ஆகிவிடுகிறது.

ஆக, குண்டை விலக்குவது பக்கக் காற்று நேரடியாக அல்ல, காற்றின் தடைதான். தடையே இல்லாத குண்டு ஒன்று இருந்தால், பக்கக் காற்று எவ்வளவு அடித்தாலும் அது விலகாது. இதற்கு வலுவான சாட்சி ராக்கெட். எரிந்துகொண்டிருக்கும் ராக்கெட்டும் வாலிறகுகளால் தன் மூக்கைச் சாய்ந்த காற்றுக்கு நேராகத் திருப்பும். அதன் மேல் வேலை செய்யும் நிகர விசை பின்னுக்கு இழுக்காமல் முன்னுக்குத் தள்ளுவதால், காற்று போகும் திசையில் ஒதுங்காமல் காற்று வரும் திசையை நோக்கியே அது திரும்பிப் போகிறது.

19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு பீரங்கிப் படை அதிகாரி இசிதோர் திதியோன் இதை ஓர் எளிய விதியாக்கினார். குண்டு இலக்கை அடைய எடுத்த உண்மையான நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வழியில் துளியும் வேகம் குறையாமல் போயிருந்தால் எடுத்திருக்கும் நேரத்தை அதிலிருந்து கழியுங்கள். மிஞ்சுவது காற்றுத்தடையால் நேர்ந்த தாமதம். அதைச் ‘சுணக்கம்’ என்று அழைக்கலாம். சுணக்கத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் கிடைக்கும். பயண நேரத்துக்கு இதில் நேரடி வேலை இல்லை.

முதல் புதிர் இங்கே அவிழ்கிறது. நொடிக்கு 383 மீட்டரில் கிளம்பும் குண்டு ஒலியை முந்திக்கொண்டு போகிறது. அதிர்ச்சி அலை அதைக் கடுமையாகப் பிடித்து இழுக்கிறது. 100 கஜத்தில் அதன் சுணக்கம் நொடியின் ஆயிரத்தில் 29 பங்கு. ஒலிக்குக் கீழே அமைதியாகக் கிளம்பும் குண்டு பிந்திச் சேர்ந்தாலும், அதன் சுணக்கம் ஆயிரத்தில் 19 பங்குதான். காற்று நொடிக்கு 4.5 மீட்டர் என்றால் விலகல் 13 சென்டிமீட்டர், 9 சென்டிமீட்டர்.

இதே விதியைக் கொயோட்டி ரைபிள்களுக்குப் போட்டுப் பார்க்கும்போதுதான் வாதத்தின் நிறம் மாறுகிறது. மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக் காற்று, 300 கஜம். .223இன் 55 கிரெய்ன் குண்டு சுமார் 28 சென்டிமீட்டர் விலகும். .22-250 அதே குண்டை வேகமாக அனுப்பி 23 சென்டிமீட்டராகக் குறைக்கிறது; இரண்டுமே ஒலியை வெகுவாக முந்திப் போவதால் இங்கே கூடுதல் வேகம் சுணக்கத்தைக் குறைக்கிறது. இனி சாதாரண .223இலேயே, நீண்டு மெலிந்த 75 கிரெய்ன் குண்டை வையுங்கள். கனமானதால் நொடிக்கு 850 மீட்டரில்தான் கிளம்பும். 300 கஜத்தைக் கடக்க 0.37 நொடி ஆகும்; .22-250இன் குண்டைவிட ஒன்றரை மடங்கு கீழே விழும். ஆனால் விலகல் சுமார் 21 சென்டிமீட்டர்தான். மெதுவான குண்டு, குறைந்த மருந்து, குறைந்த உதைப்பு, இருந்தும் காற்றில் அதுவே மேல். விழும் தூரத்தைத் தூரமானி திருத்திவிடுகிறது. விலகலைத் திருத்த எந்தக் கருவியும் முழுமையாக உதவுவதில்லை. எனவே தெரிந்த பிழையைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு தெரியாத பிழையைக் குறைப்பது லாபமான பேரம்.

காற்றைக் கிழித்துக்கொண்டு வேகத்தைக் காப்பாற்றும் திறனை ஓர் எண்ணால் குறிப்பார்கள். ‘எறிதிறன் எண்’ என்று வைத்துக்கொள்வோம். ஒரே விட்டத்தில் எடை கூடினாலும், மூக்கும் வாலும் நீண்டு மெலிந்தாலும் இந்த எண் உயரும். பெட்டியில் பெரிய எழுத்தில் வேகத்தைப் போட்டிருப்பார்கள், இந்த எண்ணைச் சிறிய எழுத்தில். வாங்குபவர் அந்தச் சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நீண்ட குண்டைத் தலைகுப்புறக் கவிழாமல் பறக்க வைக்க வேகமான சுழற்சி வேண்டும். அதற்காகத்தான் குழலின் உட்சுவரில் மரை வெட்டியிருக்கிறார்கள். பழைய .223 ரைபிள்கள் பலவற்றில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதில் போகும் 55 கிரெய்ன் குண்டே நொடிக்கு 3,240 தடவை, நிமிடக் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் தடவை சுழல்கிறது. 75 கிரெய்ன் குண்டுக்கு இது போதாது; 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் கவலையில்லை, நிமிடத்துக்கு இரண்டரை லட்சம் சுழற்சி கிடைக்கும். குண்டின் நீளத்துக்கு எவ்வளவு சுழற்சி வேண்டும் என்ற கணக்கை 1879இல் இங்கிலாந்தின் வூல்விச்சில் கணிதம் கற்பித்த கிரீன்ஹில் எழுதினார். சுழற்சி போதவில்லை என்பதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவையில்லை. இலக்குத் தாளில் வட்டத் துளைக்குப் பதில் குண்டின் பக்கவாட்டு உருவம் நீளவாக்கில் கிழிந்திருக்கும்.

குளிருக்கும் இதில் பங்குண்டு. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அடர்ந்த காற்றில் குண்டைக் கவிழ்க்கும் விசை கூடும். எம்-16இன் தொடக்க மாதிரிகளில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று இருந்தது. ஆர்க்டிக் குளிரில் சோதித்தபோது குண்டுகள் தள்ளாடின, 1960களின் தொடக்கத்தில் 12 அங்குலமாக மாற்றினார்கள். கோடையில் மைதானத்தில் நன்றாகச் சுட்ட ரைபிள், பூஜ்யத்துக்கும் கீழே உறைந்த ஜனவரிக் காலையில் ஏன் சிதறுகிறது என்று குழம்பும் வேட்டைக்காரர் முதலில் பார்க்க வேண்டியது மரையின் அளவை.

ஈயத்தை விட்டுச் செம்புக்கு மாறுபவர்களுக்கும் இது பொருந்தும். உடைந்து சிதறிய ஈயத் துணுக்குகள் விட்டுப்போன உடலில் தங்கி, அதைத் தின்னும் கழுகுகளை நஞ்சூட்டுகின்றன. கலிபோர்னிய காண்டோர் என்ற அரிய பிணந்தின்னிக் கழுகு இதனால் அழிவின் விளிம்புக்குப் போனதை முன்னிட்டு, அந்த மாநிலம் 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டை முற்றாகத் தடைசெய்தது. தோலுரித்த கொயோட்டியின் உடலைக் காட்டிலேயே விட்டுவிடுவது வழக்கம் என்பதால் இந்த வேட்டையில் அக்கறை இன்னும் கூடுதலாக வேண்டும். செம்பு ஈயத்தைவிட இலேசு. அதே எடைக்குக் குண்டு நீளும். நீண்டால் மரை நெருக்கமாக வேண்டும்.

விலங்கின் உடலுக்குள் நடப்பது தனிக் கலை. இலேசான, மெல்லிய உறையுள்ள குண்டு உள்ளே போனதும் நொறுங்கி ஆற்றல் முழுவதையும் அங்கேயே கொட்டுகிறது. மறுபக்கம் வெளிவருவது அரிது, தோலும் பெரிதாகக் கிழிவதில்லை. தூரப் பந்தயத்துக்கென்றே செய்த கனமான குண்டுகளில் சில இந்தச் சிறிய உடலில் விரியவே விரியாமல் சின்னத் துளையிட்டுக் கடந்துவிடும். விலங்கு உடனே சாகாது. பின்னால் மண்மேடு இல்லையென்றால் குண்டு வெகுதூரம் போகும். ஆகவே கனமான குண்டை எடுப்பவர், விரியும்படி வேட்டைக்கென்று செய்ததையே எடுக்க வேண்டும். .243 வின்செஸ்டர் போன்ற பெரிய தோட்டாக்கள் காற்றில் இன்னும் நன்றாக நிற்கும் குண்டுகளைச் சுடும். தோல் வேண்டுமென்பவருக்கு அவை அதிகம். தோல் தேவையில்லாத, மான் வேட்டைக்கும் அதே ரைபிளை வைத்துக்கொள்ள விரும்பும் மேய்ச்சல்காரருக்குப் பொருந்தும்.

கடைசியாக ஒரு கணக்கு. அனுபவசாலிகூடக் காற்றை மணிக்கு 8 கிலோமீட்டர் தவறாக மதிப்பிடலாம். 300 கஜத்தில் அந்தப் பிழை ஒன்றே .223இன் 55 கிரெய்ன் குண்டை 14 சென்டிமீட்டர் தள்ளிவிடும்; .22-250 என்றால் 12 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 75 கிரெய்ன் குண்டு என்றால் 11க்குச் சற்றுக் குறைவு. மூன்றுமே அந்த 7 சென்டிமீட்டருக்கு வெளியே. 200 கஜத்திலோ, மூன்றில் மிக அதிகம் விலகும் .223இன் 55 கிரெய்ன் குண்டுகூட 6 சென்டிமீட்டருக்குள் நிற்கிறது. நூறு கஜம் நெருங்க விடுவது தரும் பலனை எந்தத் தோட்டாவும் தருவதில்லை.

என்னைக் கேட்டால், 8 அங்குல மரையுள்ள .223 போதும் என்பேன். உதைப்பு குறைவு என்பதால் குண்டு எங்கே பட்டது என்பதைத் தொலைநோக்கியிலேயே பார்க்கலாம், குழல் நீண்ட நாள் உழைக்கும், தோட்டா மலிவு. மிச்சமாகும் பணத்துக்கு இன்னும் சில பெட்டித் தோட்டா வாங்கி, காற்று பலமாக அடிக்கும் நாளாகப் பார்த்து மைதானத்துக்குப் போய், புல் எவ்வளவு சாய்ந்தால் தாளில் துளை எவ்வளவு தள்ளி விழுகிறது என்று குறித்து வைத்துக்கொள்ளலாம்.